ஒரே கதை, மூன்று வீடுகள்

"என் கூட்டாளி ஏன் நம் கோயிலுக்கு வருவதில்லை?" என்று பிள்ளை கேட்டால், தோட்டப்புறமானாலும் சுங்கைப் பட்டாணி பட்டணமானாலும், "பேசாதே" என்று அடக்கிவிடுகிறோம். பிறகு பிள்ளை அதை வெளியில் அரைகுறையாகத்தான் கற்கும்.

பெற்றோர்களே, இதற்குக் கதை கைகொடுக்கும். இதயத்தை மரத்தில் வைத்துவிட்டதாகச் சொல்லி முதலையிடம் தப்பிய குரங்கை நாம் அறிவோம். பஞ்சதந்திரத்தில் வரும் அக்கதை பௌத்தர்களின் ஜாதகக் கதைகளிலும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா அரபு மொழியில் தந்த 'கலீலா வ திம்னா'விலும் உண்டு. அங்கே முதலைக்குப் பதில் ஆமை. அந்நூல் மலாய் மொழிக்கும் வந்தது.

கெடாவுக்கு இது புதிதல்ல. பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்தச் சின்னங்கள் இரண்டுமே கிடைத்துள்ளன.

கதை முடிந்ததும் கேளுங்கள்: "கூட்டாளி வீட்டில் எப்படிக் கும்பிடுவார்கள்?" தெரியாவிட்டால், "அவனிடமே மரியாதையாகக் கேட்டு வா" என்று அனுப்புங்கள். கேட்பதால் நம் சமயம் குறைந்துவிடாது.