நல்ல பயிற்சியாளரை அறிவது எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் நாம், பயிற்சியாளரிடம் எதைக் காண வேண்டும்? ஓ. எம். நம்பியாரின் பணி இதற்கு விடை தரும். விமானப்படையில் பணியாற்றிய அவர், கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சிறுமி பி. டி. உஷாவின் திறனை இனங்கண்டு வளர்த்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டர் தடையோட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. விரைவோட்ட வீராங்கனையான உஷாவை அதற்கு ஆயத்தப்படுத்தினார். நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலம் நழுவியது. ஆயினும் பயிற்சி தளரவில்லை. மறு ஆண்டே ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கம் வென்றார். நம்பியார் முதல் துரோணாச்சாரியார் விருதாளர்களுள் ஒருவரானார்.

திறனறிதல், தக்க போட்டியைத் தேர்தல், தோல்வியிலும் கைவிடாமை ஆகியவை பயிற்சியாளரின் தகுதிகள். வளரும் உடலைப் பதக்கத்திற்காக வருத்தாமையும், படிப்பிற்கு நேரம் ஒதுக்குதலும் அவர்தம் கடமைகள். பிள்ளையைச் சேர்க்குமுன் இவற்றைக் கேட்டறிவது நம் பொறுப்பு.