ஏட்ரியாட்டிக் கடலில் ஏழு நாள்கள்

இத்தாலி நாட்டுக்கும் பால்கன் நிலப்பகுதிக்கும் இடையே நீண்டு கிடக்கும் கடல் ஏட்ரியாட்டிக். அதன் கீழ்க்கரையே தல்மாத்தியா. இப்பெயர் நம் குடும்பங்களுக்கு முற்றிலும் புதியதன்று. புனித பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில், தீத்து தல்மாத்தியாவுக்குச் சென்றிருப்பதாகக் குறிப்பிடுகிறார். அன்று உரோமைப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அந்நிலம் இன்று குரோஷியா நாட்டின் ஒரு பகுதி. அந்நாட்டுக் கடலில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 1200க்கு மேல் உள்ளன. மக்கள் நிலையாகக் குடியிருப்பவை ஏறத்தாழ 50 மட்டுமே. கோடை வந்துவிட்டால் ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்து, பாய்மரப் படகுகளை வாடகைக்கு அமர்த்தித் தீவு தீவாகச் செல்கின்றனர். மனக்கண்ணால் நாமும் அத்தகைய படகொன்றில் ஏறி, அவ்வெயில் நாட்டைச் சுற்றி வருவோம்.

படகு வாடகை பெரும்பாலும் வாரக் கணக்கில் அமையும். சனிக்கிழமை மாலையில் ஏறி, அடுத்த சனிக்கிழமை காலையில் இறங்குவதே வழக்கம். தாமே படகைச் செலுத்த விரும்புவோர் அதற்குரிய உரிமச் சான்றினையும், படகிலுள்ள வானொலிக் கருவியைக் கையாளும் சான்றினையும் காட்டவேண்டும். அவை இல்லாதோர், நம் கடற்கரையில் தண்டல் எனப்படுபவரைப் போன்ற ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வர். பாய்மரப் படகு மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல்மைல் செல்லும். ஒரு கடல்மைல் என்பது 1852 மீட்டர். எனவே சைக்கிளில் நிதானமாகச் செல்பவரின் வேகமே அதன் வேகம் எனலாம்.

நம் மீனவர் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டது போலவே அக்கரை மக்களும் பெயரிட்டுள்ளனர். வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென இறங்கும் குளிர்ந்த வறண்ட காற்று ‘பூரா’. தென்கிழக்கிலிருந்து ஈரத்தோடு வந்து அலைகளை உயர்த்துவது ‘யூகோ’. கோடைப் பிற்பகலில் வடமேற்கிலிருந்து இதமாய் வீசுவது ‘மாயிஸ்திரல்’. இம்மூன்றையும் அறியாதவன் அக்கடலில் பாய் விரிக்கலாகாது.

நம் பயணம் ஸ்பிளிட் துறையில் தொடங்குகிறது. இந்நகரின் நடுப்பகுதி உண்மையில் ஓர் அரண்மனை. உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் கி.பி. 305இல் தானாகவே அரியணை துறந்து, இங்குக் கட்டிய மாளிகையில் வந்து தங்கினான். திரும்பவும் ஆட்சிக்கு வருமாறு அழைத்தவர்களிடம், தன் கையால் பயிரிட்ட முட்டைக்கோசுகளின் அழகைக் கண்டால் அவ்வாறு கேட்கமாட்டீர்கள் என்னும் கருத்துப்பட அவன் விடையளித்ததாகக் கூறுவர். ஆனால் இந்த முதிய தோட்டக்காரன்தான் 303இல் கிறிஸ்தவர்களை ஒடுக்கும் கட்டளைகளைப் பிறப்பித்தவன். ஸ்பிளிட்டுக்கு அருகிலிருந்த சலோனா நகரின் ஆயர் புனித தோம்னியுஸ் அக்கொடுமையில் வேதசாட்சியாக உயிர் துறந்தார். ஏழாம் நூற்றாண்டில் சலோனா படையெடுப்பால் அழிந்தபோது, அதன் மக்கள் ஓடிவந்து பாழடைந்த அரண்மனைச் சுவர்களுக்குள் குடிபுகுந்தனர். பேரரசன் தனக்கெனக் கட்டிய எண்கோணக் கல்லறை மண்டபம் அவர்களுடைய பேராலயமாயிற்று. இன்று அங்கு வணங்கப்படுபவர் அவன் கொல்வித்த ஆயரே. இன்றும் அம்மதில்களுக்குள் மக்கள் வாழ்கின்றனர். மன்னனின் வாயில்களில் அவர்களுடைய துணிகள் உலர்கின்றன.

அரண்மனைக்கு வெள்ளைக் கல் தந்தது எதிரே உள்ள பிராச் தீவு. அங்குப் புச்சிஷ்சா என்னும் ஊரில், கையால் கல் செதுக்கும் தொழிலை இளைஞருக்குக் கற்பிக்கும் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. அதனையடுத்து ஹ்வார் தீவு. கி.மு. 384இல் பாரோஸ் தீவின் கிரேக்கர் இங்கு வந்து குடியேறி, ஸ்டாரி கிராட் சமவெளியைக் கற்சுவர்களால் பங்கிட்டு, திராட்சையும் ஒலிவமும் பயிரிட்டனர். ஏறத்தாழ 24 நூற்றாண்டுகள் கடந்தும் அந்த எல்லைகள் பெரிதும் மாறவில்லை; அதே பயிர்கள் விளைகின்றன. 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஹ்வார் நகரத் துறையில் பணம் படைத்தோரின் படகுகள் அணிவகுத்து நிற்கும். இரவு முழுதும் இசை முழங்கும். பெரும்பாலான பயணிகள் கண்டு திரும்புவது இதைத்தான். அத்தீவின் வேறு ஊர்களில் பெரிய வியாழன் இரவில் நடப்பதை அவர்கள் அறியார். யெல்சா முதலிய ஆறு ஊர்களின் கோவில்களிலிருந்து இரவு பத்து மணியளவில் ஆறு சிலுவைப் பவனிகள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் மற்ற ஐந்து ஊர்களையும் வலம் வந்து, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடந்து, பெரிய வெள்ளி விடியற்காலையில் தன் கோவிலுக்குத் திரும்பும். சிலுவை சுமப்பவர் பலர் வெறுங்காலுடன் நடப்பர். இப்பேற்றுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நிலவும் இவ்வழக்கம் 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தெற்கே சென்றால் கொர்ச்சுலா. இந்நகரைக் கட்டியோரின் அறிவு வியக்கத்தக்கது. மேற்குத் தெருக்களை நேராக அமைத்து மாயிஸ்திரல் காற்றை வரவேற்றனர். கிழக்குத் தெருக்களை வளைத்துப் பூராவின் வேகத்தைத் தடுத்தனர். 1298இல் இத்தீவையடுத்த கடலில் ஜெனோவா நகரக் கப்பற்படை வெனீஸ் படையை முறியடித்தது. மார்க்கோ போலோ இங்கேயே சிறைப்பட்டார் என்பது செவிவழிச் செய்தி. அவர் பிறந்ததும் இத்தீவில்தான் என ஊரார் உரிமை பாராட்டுகின்றனர்; வரலாற்றறிஞர் பலர் அதை ஏற்பதில்லை. ஆனால் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலில் நம் சோழமண்டலக் கரையும், காயல் துறைமுகமும், முத்துக்குளிப்பும் இடம்பெற்றுள்ளன. புனித தோமையாரின் கல்லறையிலிருந்து யாத்திரிகர் செம்மண் எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பதையும் அவர் விவரித்துள்ளார். எங்கோ இருக்கும் ஒரு தீவின் பெயரும் நம் கரையும் இவ்வாறு ஒரே மனிதரின் வரலாற்றில் சந்திக்கின்றன.

இறுதியாக துப்ரோவ்னிக். பழங்காலத்தில் இரகூசா எனப்பட்ட இந்நகரம் ஒரு சிறு குடியரசு. வணிகமே அதன் உயிர். அங்கே தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒரு மாதமே பதவியில் இருப்பார். சொந்த அலுவலை மறந்து பொதுப்பணியைக் கவனிக்கச் சொல்லும் இலத்தீன் வாசகம் அவர் கண்ணெதிரே பொறிக்கப்பட்டிருந்தது. கொள்ளைநோய் பரவிய காலத்தில், 1377இல், இந்நகரம் ஒரு சட்டம் இயற்றியது. நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் அருகிலுள்ள தீவுத் திட்டுகளிலோ சவ்தாத் ஊரிலோ 30 நாள் தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்பது அச்சட்டம். அது வந்தோரை என்றென்றைக்குமாகத் துரத்தவில்லை. நகரையும் காத்தது, வழியையும் அடைக்கவில்லை. பின்னர் உலகெங்கும் பரவிய தனிமைப்படுத்தும் முறைக்கு இது முன்னோடி. 1416இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. 1432இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் திறந்தது. இலாபத்தையே நாடிய வணிகர்கள், இலாபம் தரும் ஒரு தொழிலைத் தாமே விலக்கினர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்நகரின் பாதுகாவலர் புனித பிளேசியார். பிப்ரவரி 3ஆம் நாள் மெழுகுதிரிகளைக் கழுத்தில் வைத்துத் தொண்டையை ஆசீர்வதிக்கும் சடங்கால் நாமும் அறிந்த அதே புனிதர். அவருடைய சுரூபங்கள் கையில் நகரத்தின் சிறு உருவை ஏந்தியிருக்கும். 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரம் இடிந்து பல்லாயிரவர் மாண்டனர். 1808இல் நெப்போலியனின் படையினர் குடியரசை ஒழித்தனர். 1991 டிசம்பர் 6ஆம் நாள் பழைய நகரின் மீது குண்டுகள் பொழிந்தன. ஒவ்வொரு முறையும் மக்கள் அதே ஊரை மீண்டும் எழுப்பினர்.

அத்தனையையும் தாங்கிய நகருக்கு இன்று வேறொரு இடர். பயணிகளுக்கு அறை விட்டால் வருவாய் மிகுதி. ஆதலால் குடும்பங்கள் வீடுகளை விற்று மதிலுக்கு வெளியே போய்விடுகின்றன. தீவுகளின் கதையும் ஒத்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தபோது, ஆயிரக்கணக்கானோர் சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்குக் கப்பலேறினர். அவர்கள் விட்டுச் சென்ற கல்வீடுகள் பல, கோடையில் மட்டும் திறக்கும் விடுதிகளாகிவிட்டன. பூசைக்கு ஆள் வேண்டும். பள்ளிக்குப் பிள்ளைகள் வேண்டும். வெயிலும் நீலக் கடலும் அவற்றைத் தரா.

எனவே பயணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வருவாய் இன்றேல் எஞ்சியோரும் போய்விடுவர். வருபவர் எவ்வாறு வருகிறார் என்பதே வினா. நல்ல தண்டல், கடற்புல் வளர்ந்த இடத்தில் நங்கூரம் எறியமாட்டார். வேரோடு பிய்ந்த புல் மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும், மீன் குஞ்சுகள் வளர்வதோ அப்புல்லில்தான். அவ்வாறே நல்ல பயணியும் அந்தந்த ஊரின் எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் விளைத்தவரிடமே வாங்குவார். கோவிலுக்குள் கோவிலுக்குரிய உடையோடு நுழைவார். இரவின் அமைதியைக் குலைக்கமாட்டார். விடுமுறையில் நம் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லும்போது இதனைச் சொல்லிக் கொடுப்போம். நாம் ஒரு நாள் கண்டு மகிழும் ஊரில், ஆண்டு முழுதும் அடுப்பெரித்து வாழும் ஒரு குடும்பம் இருக்கிறது. அதன் வாசலைக் கடக்கும்போது குரலைச் சற்றே தாழ்த்துவது நம் கடமையன்றோ?