காந்தப்புலம் கொந்தளித்தால் எலக்ட்ரான் என்ன ஆகும்?

1054-ஆம் ஆண்டில் சீன வானியலாளர்கள் பட்டப்பகலில் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம்தான் நண்டு நெபுலா. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. அங்கிருந்து வந்த காமா கதிர்த் துகள் ஒன்றைச் சீனாவின் லாசோ ஆய்வகம் பதிவு செய்து, 2021-இல் அறிவித்தது. ஆற்றல் 1.1 பீட்டா எலக்ட்ரான்வோல்ட். ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவி ஒரு புரோட்டானுக்கு ஊட்டுவதைப்போல் ஏறக்குறைய 160 மடங்கு! இதைக் கிளப்பிவிட்ட எலக்ட்ரானின் ஆற்றல் இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காந்தப்புலத்தில் சுற்றும் எலக்ட்ரான் கதிர்களை உமிழ்ந்து ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும். எக்ஸ் கதிர் உமிழும் எலக்ட்ரான்கள் அங்கே சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். நெபுலாவின் வயதோ ஆயிரத்தை நெருங்குகிறது. அப்படியானால், யாரோ விடாமல் ஆற்றல் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காந்தப்புலம்தான் ஊட்டுகிறது என்றால் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் மறுப்பார்கள். காந்த விசை துகளின் பாதையைத்தான் வளைக்கும், ஆற்றலைக் கூட்டாது. சரிதான். ஆனால் புலம் மாறினால் மின்புலம் பிறக்கும்; எலக்ட்ரானைத் தள்ளுவது அதுதான்.

நகரும் காந்த மேகங்களில் துகள்கள் மோதி மோதி ஆற்றல் பெறுகின்றன என்று என்ரிக்கோ ஃபெர்மி 1949-லேயே சொன்னார். நெடுஞ்சாலையில் நாம் முந்தும் வண்டிகளைவிட எதிரே வருபவை அதிகம் அல்லவா? அதுபோல, ஆற்றல் தரும் நேருக்கு நேர் மோதல்களே அதிகம். மொத்தக் கணக்கில் லாபம். ஆனால், இந்த ஆட்டத்தில் நுழையவே ஓரளவு ஆற்றல் வேண்டும். அந்த முதல் தள்ளு எங்கிருந்து வருகிறது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லூகா கோமிஸ்ஸோ, லொரன்சோ சிரோனி இருவரும் 2019-இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் இதற்கு விடை தருகிறது. கொந்தளிப்பில் காந்தக் கோடுகள் நெருக்கப்பட்டு மெல்லிய மின்னோட்டத் தகடுகள் உருவாகின்றன. அங்கே கோடுகள் அறுந்து மறுபடி இணைகின்றன. அப்போது எழும் மின்புலம் சில துகள்களை உந்தித் தள்ளுகிறது. மற்றதை ஃபெர்மி சொன்ன மோதல்கள் பார்த்துக்கொள்கின்றன.

2010-இல் இந்த நெபுலாவின் காமா கதிர் வீச்சு சில நாட்கள் மட்டும் திடீரென எகிறியது. பல ஒளியாண்டு அகல நெபுலா முழுவதும் ஒன்றுசேர்ந்து அப்படி மின்ன முடியாது. ஒரு சிறு இடத்தில்தான் அது நடந்திருக்க வேண்டும். கோடுகள் அறுந்து இணையும் கருத்துக்கு இது நல்ல பலம். ஆனாலும், எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் ஊட்டுவது அதிர்வலைதான் என்ற பழைய விளக்கத்தை இன்னும் தள்ளுபடி செய்துவிட முடியாது.