கடைமடையில் நின்றுபோகும் செய்தி

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாஞ்சில் நாட்டு விவசாயி என்ன செய்வார்? உடனே பேச்சிப்பாறை அணைக்கு ஓடமாட்டார். கால்வாயின் நடுவே ஒரு மடையைப் போய்ப் பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் கோளாறு அதற்குக் கீழே. ஓடாவிட்டால் அதற்கு மேலே. ஒரே சோதனையில் தேட வேண்டிய தூரம் பாதியாகிவிடுகிறது அல்லவா? கம்பியில்லாக் கருவிகளின் பழுதைக் கண்டறியவும் இம்முறையே உதவும்.

நம் மாவட்டத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. கைப்பேசி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை; பூமியோ உருண்டை. ஆகவே கரையைவிட்டு வெகுதூரம் போன படகுக்கு அவை எட்டுவதில்லை.

இக்குறையைப் போக்க வந்ததே டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான இக்கருவி, 2015இல் ஏவப்பட்ட ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகக் கரையுடன் செய்தி பரிமாறுகிறது. ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. செய்தியைப் படிப்பதும் எழுதுவதும் மீனவரின் கைப்பேசியிலுள்ள 'நப்மித்ரா' செயலியில். பெட்டியையும் கைப்பேசியையும் இணைப்பது புளூடூத் அலை.

இங்கே ஒரு வேடிக்கை! ஏறத்தாழ 36,000 கி.மீ. கடந்து வரும் செய்தி, கடைசி மூன்று நான்கு மீட்டரில் நின்றுவிடக்கூடும். ஏன்?

இத்தகைய பெட்டிக்குள் ஒரு சிறு கணினி உண்டு. அதை நடத்தும் இயக்க முறைமை தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. அலைகளை அனுப்பி வாங்கும் சில்லுக்கும் இயக்க முறைமைக்கும் இடையே துபாஷிபோல் நிற்கும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். கைப்பேசியிலும் இதே அமைப்புத்தான். ஒரு பக்கம் பழையதாகவே இருக்க, மறுபக்கம் புதுப்பிக்கப்பட்டால், இரு துபாஷிகளின் பேச்சும் ஒத்துப்போகாமல் போகலாம். அப்போது சில்லில் எந்தப் பழுதும் இராது. ஆனாலும் இணைப்பு வராது.

பழுது எங்கே என்று எப்படி அறிவது? நடுமடையிலிருந்து தொடங்குங்கள். வேறொரு கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். இணைந்தால் பெட்டி நலம். குற்றம் முதல் கைப்பேசியில். அந்தக் கைப்பேசி வேறு புளூடூத் கருவியுடன் சேர்கிறதா? சேர்ந்தால் அதன் சில்லும் நலம். மீதி இருப்பவை அமைப்புகளும் செயலியுமே.

இனிப் பட்டியலைக் கவனியுங்கள். பெட்டியின் பெயர் தெரிந்தும் இணையவில்லையா? அலை வந்து சேர்கிறது. பழைய இணைப்பின் நினைவு குழம்பியிருக்கலாம். அதை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். பெயரே தெரியவில்லையா? அருகில் சென்று பாருங்கள். புளூடூத் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.; இரும்புத் தகடு அதைத் திருப்பிவிடும், நீர் உறிஞ்சிவிடும். ஆன்ட்ராய்டு 6 முதல் 11 வரையுள்ள பழைய பதிப்புகளில் இன்னொன்றும் உண்டு: செயலிக்கு 'இருப்பிட' அனுமதி தராவிட்டால் அது அருகிலுள்ள கருவிகளைத் தேட இயலாது.

எந்தக் கைப்பேசியும் இணையாவிட்டால் பெட்டியின் பக்கம் செல்லுங்கள். முதலில் மின்சாரம். உப்புக் காற்றில் பாட்டரி முனைகளில் களிம்பு பிடிக்கும். அதன் தடை அரை ஓம், கருவி இழுக்கும் மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 1 வோல்ட் அங்கேயே வீணாகும். சும்மா இருக்கும்போது விளக்கு எரியும்; அலையை அனுப்பத் தொடங்கியதும் கருவி தடுமாறும். முனைகளைச் சுத்தம் செய்து, கருவியை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்குங்கள். அப்போது சில்லு தன் நிரலைப் புதிதாக ஏற்றிக்கொள்ளும். முத்திரையிட்ட பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், நீர் புகுந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எது பழுது என்று தெரியாமலேயே போய்விடும்.

மாணவர்களே, கைப்பேசியில் எது கெட்டாலும் வீட்டில் உங்களைத்தானே அழைக்கிறார்கள்? தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ அடுத்த படகு புறப்படுமுன் இச்சோதனைகளைச் செய்து பாருங்கள். நடுக்கடலில் மாற்றுக் கைப்பேசியும் கிடைக்காது, பழுது பார்ப்பவரும் கிடைக்கமாட்டார்.