கணினி அடிக்கடி ‘ஹேங்’ ஆகிறதா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் வீட்டிலேயே பாருங்கள்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். மகள் பாதிப் படிவத்தை நிரப்பியிருப்பாள்; திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. அணைத்துப் போட்டால் நிரப்பியதெல்லாம் போய்விடும். நம்மில் பல வீடுகளில் நடப்பதுதான் இது.

ஒகேனக்கல்லில் இருப்பவர்கள் பழுது பார்க்கப் பென்னாகரம் போக வேண்டும். இல்லையென்றால் சுமார் 46 கிலோமீட்டர் தள்ளி தருமபுரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் செலவாகும். போன இடத்தில் “பழசாயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்று சொன்னால் பல ஆயிரம் ரூபாய்க்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் மெதுவாகிப் போன கணினிகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. ராம் போதாமை, தேய்ந்த ஹார்ட் டிஸ்க், அதிகச் சூடு, தேவையற்ற மென்பொருள் ஆகியவற்றில் ஒன்றுதான் வழக்கமான காரணம். எது என்று தெரிந்துகொண்டால் வீண்செலவு மிச்சம்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அண்ணன் வாங்கிய அந்த லேப்டாப்பில் இன்று தங்கை படிக்கும் வீடுகள் உண்டு. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றில் 2 ஜிபி ராம்தான் இருந்தது. அன்றைக்கு அது போதும். இன்றைக்கு பிரவுசர் ஒன்றே அதை விழுங்கிவிடும்.

முதல் வேலை: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

எதையும் சோதிக்கும் முன் சான்றிதழ்கள், ஆதார் நகல், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் ஹார்ட் டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். அப்போது வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முக்கியமானவற்றை உடனே நகலெடுங்கள். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம்; போன படங்களை வாங்க முடியாது.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். நின்றுபோன நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால்தான் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இதையே வழக்கமாக்கினால் கோப்புகள் கெட்டுவிடும்.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் காரணம்

அதே திரையில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று எண்கள் தெரியும்.

மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ராம் போதவில்லை. இடம் பற்றாத கணினி ஹார்ட் டிஸ்க்கையே ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும், அதனால்தான் ஊர்கிறது. பிரவுசரில் தேவையற்ற டேப்களை மூடுங்கள். ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினி திறக்கும்போதே தானாக ஓடும் நிரல்களில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். ராம் கூட்டுவதானால் உங்கள் கணினிக்கு டிடிஆர்3 வேண்டுமா, டிடிஆர்4 வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

கணினியைத் திறந்து அரை மணி நேரம் ஆன பிறகும், ஒன்றும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகப்படலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்றுதான் தகவல் வெளிவரும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் அதிகப் பலன் தருவது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான்.

சிபியு ஓயாமல் 100 சதவீதத்தில் நின்று, அதைத் தின்பது பெயர் தெரியாத நிரலாக இருந்தால் வைரஸ் இருக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள டிஃபெண்டரில் முழுச் சோதனை ஓடவிடுங்கள். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம். ஒன்றோடொன்று மோதி இன்னும் மெதுவாக்கும். ‘கிராக்’ செய்த மென்பொருளோடு வைரஸ் சேர்ந்து வருவதும் உண்டு.

சூட்டைக் கவனியுங்கள்

திறந்ததும் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் திணறினால் காரணம் சூடாக இருக்கலாம். அளவுக்கு மேல் சூடானால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். பலகை மேல் வையுங்கள். விசிறியில் தூசி அடைந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பழைய விண்டோஸ் வைத்திருப்போர்

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டாம். கட்டணமில்லாத லினக்ஸ் போடலாம். சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலும் இயங்கும். படிவம் நிரப்பவும் பாடம் பார்க்கவும் அது போதும்.

ஏமாறாதீர்கள்

“உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். யார் சொன்னாலும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவி உங்கள் கணினியை அவர் கையில் கொடுக்காதீர்கள்; ஓடிபி சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைக்குப் போனால்

“சரியாக ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், “மெமரி 95 சதவீதம் காட்டுகிறது”, “அரை மணி நேரத்தில் சூடாகிறது” என்று சொல்லுங்கள். ஃபார்மேட் செய்யும் முன் கோப்புகளை நகலெடுத்தாயிற்றா என்று கேளுங்கள். மாற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள். உங்கள் ஆவணங்கள் அதில்தான் இருக்கின்றன.

விண்ணப்பம் எதுவானாலும் கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால், அடுத்த வீட்டுக் கணினியையும் ஒரு முறை பார்த்துத் தரச் சொல்லுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவி அது.