பூட்டிய வீடும் ஐப்பசி மழையும்

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் செல்லும் ஐரோப்பியர்கள், தண்ணீர்க் குழாய்களை முற்றிலும் வடித்துவிட்டே புறப்படுவர். நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவதால், தேங்கிய நீர் குழாயை வெடிக்கச் செய்துவிடும். பிரான்சில் வாழும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது பழகிய செய்தி. அங்கு இவ்வளவு கருத்தாக இருப்போரில் பலர், இங்குள்ள பூர்விக வீட்டை மழைக்காலத்துக்கு ஆயத்தப்படுத்தாமலேயே பூட்டிச் செல்கின்றனர் என்பதுதான் வேதனை.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டபூர்வ இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அதையொட்டி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் குடும்பங்களும், 'சொல்தா' என்று நாம் அழைக்கும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களின் வாரிசுகளும் இன்று இரு நாடுகளிலும் வாழ்கின்றனர். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில் வருவோர், செப்டம்பரில் அங்கே பள்ளி திறப்பதால் திரும்பிவிடுகின்றனர். இங்கோ அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அடுத்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. வீட்டுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் அது பூட்டிக் கிடக்கிறது.

தமிழர் பகுதியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என் அடுத்த வீட்டு மாடியில் மழைநீர்க் குழாய் இலைகளால் அடைபட்டது. இரண்டு நாள் தேங்கிய நீர் பொதுச்சுவர் வழியே இறங்கி என் நூலக அறையை நனைத்தது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த வகுப்புக் குறிப்புகள் வீணாயின. வீட்டுக்காரர் பண்பாளர், தொலைபேசியில் பெரிதும் வருந்தினார். ஆனால், ஒருவரின் கவனக்குறைவுக்கான விலையை மற்றொருவர் செலுத்துவதைத்தான் பொருளியலில் 'புறவிளைவு' என்று பல ஆண்டுகள் கற்பித்தேன். அன்று அது என் சுவரிலேயே வழிந்தது.

இவ்வீடுகள் ஈரத்துக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகின்றன? பழைய கூரைகள் பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் அமைந்தவை. மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் இட்டு, மேலே தட்டோடு பதிப்பர். தட்டோட்டு இணைப்பில் விழும் மயிரிழை விரிசல் போதும். நீர் இறங்கி, சுவருக்குள் புதைந்துள்ள கட்டை முனைகளை உளுக்கச் செய்யும். அது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கடற்கரைச் சாலையில் இருந்த 'மேரி' என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தில்தான் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் மீண்டும் எழுந்து அது 2021-இல் திறக்கப்பட்டது. தனியார் வீட்டுக்கு அத்தகைய உதவி கிடைக்காது.

செய்ய வேண்டியவை எளியவை. ஆகஸ்டிலேயே மாடியைப் பெருக்கி, நீர்ப்போக்கிகளின் வாயில் கம்பிவலை பொருத்த வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று, ஆலங்கன்றுகளை வேரோடு அகற்ற வேண்டும். விரிசல்களைச் சுண்ணாம்புக் காரையால் அடைப்பதே முறை. சிமென்ட் பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற விடாது. மின்சாரத்தை முதன்மை இணைப்பிலேயே துண்டிக்க வேண்டும். காற்றுத் துளைகளை அடைக்காமல் வலையிட்டு விட வேண்டும்.

மாடித் தொட்டியில் ஒரு சிக்கல் உண்டு. மூடி சரியில்லாத தொட்டியின் நீரில் டெங்கு பரப்பும் கொசு ஏறத்தாழ பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வளர்ந்துவிடும். வெறுமையாக விட்டால், 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே போன்ற புயல் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி எறியும். எனவே, நீரை வடித்துவிட்டுத் தொட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டி வைப்பதே நல்லது.

இத்தனையும் செய்தாலும் ஆளில்லாமல் போதாது. 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. அத்தகைய மழையில் ஒரு இலைக்கொத்து எந்த ஏற்பாட்டையும் முறியடிக்கும். ஆகவே, ஊதியம் தந்து ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். பெருமழை விட்டதும் மாடி, முற்றம், பொதுச்சுவர் மூன்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வேலை நடந்ததா என்ற ஐயத்தை அது பெரிதும் போக்கும்.

பல வாரிசுகளுக்கு உரிய வீடுகளின் நிலை இன்னும் கடினம். செலவை யார் ஏற்பது என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்திருக்க, வீடு எல்லோருக்கும் இல்லாமல் போகிறது. பாகப்பிரிவினை முடியும்வரை மழை காத்திராது. பராமரிப்புக்கென மட்டும் ஒரு பொதுக் கணக்கு தொடங்கி, ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தலாம். அதனால் எவருடைய உரிமையும் குறைந்துவிடாது.

இந்த ஆண்டு விமானம் ஏறுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி மாடிக்கு ஏறிப் பாருங்கள். இறங்கி வந்ததும் அடுத்த வீட்டாரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். சுவர் உங்கள் இருவருக்கும் பொது.