கம்பிக்குள் உலகம் – 11: ஏணியோடு நடந்த கணித ஆசிரியர்

ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் ஸ்டாக்ஹோமில், எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1986இல் ஒரு நிரல்மொழியைத் தொடங்கிய இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அந்த மொழிக்கு ‘எர்லாங்’ என்று பெயர் வந்ததை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, விழுந்த நிரலை உடனே எழுப்பிவிடும் அதன் வித்தைக்கு இந்த வாரம் போவதாகத் திட்டம். ஆனால் பெயருக்குரிய மனிதரைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவரை ஒரு பத்தியில் அடைப்பது அநியாயம் என்று தோன்றிவிட்டது. ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டு நெட் ஏன் திணறுகிறது என்று விடாமல் கேட்டு எழுதும் வாசகர்களுக்கும் அவரிடம்தான் பதில் இருக்கிறது.

ஆக்னர் க்ராருப் எர்லாங் டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியில் ஒரு சிற்றூரில் 1878இல் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியது 14 வயதில். வயது போதாததால் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1901இல் பட்டம் முடித்துச் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார். டென்மார்க் கணிதச் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். அங்கேதான் யோஹான் யென்சனைச் சந்தித்தார். கணிதம் படித்தவர்களுக்கு ‘யென்சன் சமனின்மை’ தெரிந்திருக்கும், அதே யென்சன்தான். அவருக்குச் சோறு போட்ட வேலை கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் தலைமைப் பொறியாளர் உத்தியோகம். அவர் எர்லாங்கைத் தம் மேலதிகாரியிடம் அறிமுகப்படுத்தினார். 1908இல் எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார். சாகும்வரை அங்கேயே இருந்தார்.

இந்த வாரம் என்னைக் கட்டிப்போட்ட செய்தி இதுதான். கணிதம் போடத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் கோபன்ஹேகன் தெருக்களுக்கு அடியில் ஓடிய கேபிள்களில் மின்கசிவை அளக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஆய்வகத்தில் உதவிக்கு ஆள் கிடையாது. ஆகவே அவரே கிளம்பிவிடுவார். பின்னால் ஒரு தொழிலாளி ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தெருக்குழியிலும் ஏணியை இறக்கி, எர்லாங் உள்ளே இறங்கி அளந்துவிட்டு மேலே வருவார். நிகழ்தகவு பற்றி உலகம் இன்றும் பயன்படுத்தும் சூத்திரங்களை எழுதிய மனிதர், நகரத்து மக்களுக்கு ஏணிக்காரரோடு நடக்கும் ஆளாகத்தான் தெரிந்தார். கேபிளைத் தொட்டுப் பார்த்தவர் போட்ட கணக்கு என்பதால்தான் அது நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கஷ்டம் என்று ஆய்வகத்துக்கு வந்தவர்களுக்குச் சத்தமில்லாமல் உதவுவார் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ இருபது வருஷ வேலையில் உடம்பு சரியில்லை என்று அவர் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. 1929 ஜனவரியில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போனார். பிப்ரவரி 3ஆம் தேதி இறந்தார். வயது 51. அவருடைய கட்டுரைகளை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒருவர் டேனிஷ் மொழியே கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் சர்வதேச அலகுக்கே ‘எர்லாங்’ என்று பெயர் வைத்தார்கள்.

சரி, அப்படி என்ன கணக்கு?

ஒரு தெருவில் 100 வீடுகள், எல்லா வீட்டிலும் தொலைபேசி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவிலிருந்து வெளியூருக்கு எத்தனை கம்பி இழுக்க வேண்டும்? வீட்டுக்கு ஒன்று வீதம் 100 இழுத்தால் கம்பெனி திவாலாகும். நாளின் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குச் சராசரி 6 நிமிடம் பேசுகிறார்கள் என்றால் மொத்தம் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரப் பேச்சு. அப்படியானால் 10 கம்பி போதுமே என்று தோன்றும். போதாது. மனிதர்கள் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று முறை வைத்துப் பேசுவதில்லை. ஒரே நேரத்தில் குவிவார்கள். பிறகு யாருமே பேசமாட்டார்கள். 10 கம்பி போட்டால் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அழைப்புகளுக்கு ‘எங்கேஜ்டு’ சத்தம்தான் கிடைக்கும். நூறில் ஒரு அழைப்பு மட்டும் தோற்றால் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டால், எர்லாங்கின் 1917ஆம் ஆண்டுச் சூத்திரம் தரும் விடை 18.

நூறு வீட்டுக்குப் பதினெட்டே கம்பி! இதோடு நிற்கவில்லை. அதே பழக்கமுள்ள 1,000 வீடுகளுக்கு எத்தனை? பத்து மடங்காக 180 என்று கை தானாக எழுதும். சூத்திரம் சொல்வது 117. கூட்டம் பெருகப் பெருக, ஒருவர் ஓய்ந்திருக்கும் நேரம் இன்னொருவருக்குப் பயன்படும் வாய்ப்பும் பெருகுகிறது. பெரிய நகரத்தில் ஒரு இணைப்பைத் தருவதற்கு ஆகும் செலவு குறைவாகவும், நாற்பது வீடுள்ள கிராமத்தில் அதிகமாகவும் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். கிராமத்துத் தொடர்பை லாபக் கணக்கு மட்டுமே பார்க்கும் கம்பெனிகளிடம் விட்டுவிடக் கூடாது என்று இந்தத் தொடரில் பலமுறை எழுதியிருக்கிறேன். 18க்கும் 117க்கும் உள்ள உறவைப் பார்த்தபின் அது இன்னும் உறுதிப்படுகிறது.

இனி நம் வீட்டு நெட்டுக்கு வருவோம். தொலைபேசியில் இடமில்லை என்றால் அழைப்பு தோற்கும். இணையத்தில் தகவல் பொட்டலம் அவ்வளவு சீக்கிரம் தோற்பதில்லை, வரிசையில் நிற்கும். வரிசையில் நிற்பதற்கும் எர்லாங் கணக்குப் போட்டிருக்கிறார்; இன்றைய கால் சென்டர்கள் எத்தனை பேரை வேலைக்கு வைக்கலாம் என்று முடிவு செய்வது அதை வைத்துத்தான். அதன் மிக எளிய வடிவம், ரேஷன் கடையில் ஒரே ஒரு ஆள் பில் போடுவது. அந்த ஆள் பாதி நேரம் வேலையாக இருந்தால், ஒரு பில் போட எவ்வளவு நேரம் ஆகுமோ சராசரியாக அவ்வளவு நேரம் நாம் காத்திருப்போம். நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால் 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 99 சதவீதம் என்றால் 99 மடங்கு! பாதியிலிருந்து எண்பது வரை மெல்ல ஏறிய காத்திருப்பு, கடைசிப் பத்து சதவீதத்தில் செங்குத்தாகப் பாய்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒழுங்காக ஓடிய நெட், தெருவில் இன்னும் நாலு வீட்டில் படம் பார்க்க ஆரம்பித்ததும் திடீரென்று சுழல்வதற்கு இதுதான் காரணம். 1993இல் பெல்கோர் ஆய்வகத்தார் நிஜக் கணினி வலையை அளந்து பார்த்து, எர்லாங் காலத்துத் தொலைபேசியைவிடத் தகவல் போக்குவரத்து இன்னும் மோசமாகக் குவிகிறது என்று காட்டினார்கள். நிலைமை மேலே சொன்ன எண்களைவிடக் கடுமையாகவே இருக்கும்.

நம்முடைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2006இல் பிராட்பேண்ட் தரத்துக்கு விதி வகுத்தபோது, உச்ச நேரத்தில் எந்த இணைப்பும் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்றது. 90ஐத் தாண்டினால் அங்கே நெரிசல் என்று கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அதைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். 4 மடங்கும் 9 மடங்கும் எந்த எண்களில் வந்தனவோ, அதே இரண்டு எண்கள்!

இப்போது ஃபைபர். பல வீடுகளுக்கு வரும் ‘ஜிபான்’ முறையில், தொலைபேசி நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு கண்ணாடி இழை நொடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட் சுமக்கும். வழியில் ஒரு ஸ்பிளிட்டர் வைத்து அதை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிப்பார்கள். 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்டால் வீட்டுக்கு 78 மெகாபிட். 64 என்றால் 39. ஆனால் விற்பது 100 மெகாபிட். இது மோசடியா என்று ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருந்தார். இல்லை என்பதே என் பதில். எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை. பகிர்வதால்தான் இந்த விலைக்குக் கிடைக்கிறது. தனிக் கம்பி கேட்டால் நம்மில் யாருக்கும் கட்டுப்படியாகாது.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்குப் பகிர்கிறோம், எந்த நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்பது சேவை தருபவருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். பணம் கட்டுபவருக்குத் தெரியாது. நெட் திணறுகிறது என்று புகார் செய்தால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். தெருவுக்கான இணைப்பு 95 சதவீதம் நிரம்பியிருக்கும்போது என் ரவுட்டரை அணைத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது? எர்லாங் தம் முதலாளிகளிடம் எல்லா அழைப்பும் வெற்றி பெறும் என்று சொல்லவில்லை. எவ்வளவு தோற்கும் என்று எண்ணில் சொல்லி, அதைக் குறைக்க என்ன செலவாகும் என்பதையும் சொன்னார். அந்த நேர்மையைத்தான் நம் சேவை நிறுவனங்களிடம் கேட்கிறேன். விளம்பரத்தில் உச்ச வேகத்தைப் போடும் அதே அளவு எழுத்தில், இரவு எட்டு முதல் பத்து வரையிலான சராசரி வேகத்தையும் போடட்டும்.

ஒரு கிளைச் செய்தி. எர்லாங்கைத் தேடிப் போனபோது டென்மார்க்கின் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். சி++ மொழியைப் படைத்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், எர்லாங்கைப் போலவே யூட்லாந்துக்காரர். 1979இல் அவர் அந்த வேலையைத் தொடங்கியதும் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில்தான். டர்போ பாஸ்கல், சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மூன்றுக்கும் பின்னால் இருப்பவர் கோபன்ஹேகனில் பிறந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். பி.எச்.பி. தந்த ரஸ்மஸ் லெர்டோர்ஃப் டென்மார்க்கின் ஆட்சிப் பகுதியான கிரீன்லாந்தில் பிறந்தவர். ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் உள்ள நாடு! எந்த மொழி கற்றால் வேலை கிடைக்கும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்த வரிசையைக் காட்ட ஆசை. நிஜமான ஒரு தொல்லையைத் தீர்க்கப் பிறந்த மொழிகள் நீண்ட நாள் வாழ்கின்றன. தொல்லையைப் புரிந்துகொண்டால் மொழியும் கைக்கு வந்துவிடும்.

எர்லாங் மொழிக்குப் பிறப்புக் கொடுத்த தொல்லை தொலைபேசி நிலையம். ஒரு நேரத்தில் ஆயிரக்கணக்கான பேச்சுகள் ஓடும். அவற்றில் ஒன்று கெட்டால் மற்றவை கெடக் கூடாது. பிழையைத் திருத்துவதற்காக நிலையத்தை நிறுத்தவும் முடியாது. ஆகவே அந்த மொழியில் ஒவ்வொரு பேச்சுக்கும் தனியாக ஒரு குட்டி வேலையாள். தொடங்கும்போது சில கிலோபைட் நினைவகம் போதும்; ஒரே கணினியில் லட்சக்கணக்கில் வாழலாம். ஒருவன் நினைவகத்தை மற்றவன் தொட முடியாது. செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும். ஒருவன் விழுந்தால், அவனைக் கவனிக்கவே இருக்கும் மேற்பார்வையாளன் புதிதாக ஒருவனை எழுப்பிவிடுவான். நிரலில் பிழையே இருக்காது என்று அந்த மொழி வாக்குக் கொடுப்பதில்லை. பிழை வரும் என்பதை முதல் வரியிலேயே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெயர் பொருத்தம்தான்.

2012 தொடக்கத்தில் வாட்ஸ்அப் பொறியாளர்கள் இந்த மொழியை வைத்து ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டினார்கள். 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது மாதத்துக்கு 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். பொறியாளர்கள் 32 பேர். அப்படியிருந்தும் 2021 அக்டோபர் 4ஆம் தேதி அதே வாட்ஸ்அப் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டது. விழுந்தால் எழுப்பிவிடும் மொழி அன்று எங்கே போயிற்று? எரிக்சனின் ஒரு பிரிவே 1998இல் எர்லாங்கைப் புதிய வேலைகளுக்குத் தடை செய்த கதையோடு சேர்த்து, இதை அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நெட் தரும் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உச்ச நேரத்தில் எங்கள் தெரு இணைப்பு எத்தனை சதவீதம் நிரம்புகிறது?’ கிடைக்கும் பதிலை எனக்கு எழுதுங்கள். எண்பதுக்குக் கீழே என்று யாராவது தைரியமாகச் சொன்னால், அவர்களைப் பாராட்டி ஒரு பக்கம் எழுத நான் தயார்.

(தொடரும்)